செய்தியாளர் இருக்கையில் யார்? மொன்றியல் கண்ட ஒரு வரலாறு



சென்ற மாத உரைத் தொடரில் நான் பேசிய பிறகு பலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருந்தீர்கள். "பெயர்களையும் ஆண்டுகளையும் எழுதி வைக்க முடியேல்லை, மடலில் போடுங்கோ" என்று கேட்டிருந்தீர்கள. அதற்கிணங்க, வானொலியில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து, அந்த உரையை இங்கே தருகிறேன்.

விளையாட்டைப் பற்றி எழுதுபவரையும் ஒலிவாங்கியின் முன் இருந்து வர்ணிப்பவரையும் யார் தெரிவு செய்கிறார்கள் என்பதுதான் விடயம். மைதானத்தில் ஓடுகிறவர் கறுப்பரா, வெள்ளையரா, நம்மவரா என்று எல்லோரும் பார்க்கிறோம். மேலே செய்தியாளர் கூடத்தில் இருப்பவர் யாரென்று பார்ப்பதில்லை. ஆனால் களத்தில் நடந்தது வீரமா தவறா, ஒரு வீரர் "கெட்டிக்காரரா" அல்லது "வெறும் உடல்பலம் உள்ளவரா" என்று நமக்குச் சொல்லித் தருபவர் அவர்தான். அமெரிக்காவில் விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியர்களின் சங்கத்துக்காக ஒரு பல்கலைக்கழக நிறுவனம் அவ்வப்போது கணக்கெடுத்து வருகிறது. 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி விளையாட்டுப் பகுதி ஆசிரியர்களில் 85 வீதமானோர் வெள்ளையர், 90 வீதமானோர் ஆண்கள். அதே நாட்டின் கூடைப்பந்தாட்டக் களங்களை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள், வித்தியாசம் விளங்கும்.

இந்தக் கதையின் முக்கியமான இரண்டு கட்டங்கள் நாம் வாழும் இந்த நகரத்தோடு சம்பந்தப்பட்டவை. நம்மில் பலருக்கு அது தெரியாது.

பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து ஜாரி வீதி வழியே கிழக்கே நடந்து, பூங்காவைக் கடந்து, சென் லோரன் தெருவையும் தாண்டினால் டு காஸ்பே என்ற அமைதியான தெரு வரும். அங்கே 8232ஆம் இலக்க வீட்டில் 1946ஆம் ஆண்டு ஜக்கி றொபின்சனும் அவரது மனைவி றேச்சலும் வாடகைக்கு இருந்தார்கள். அமெரிக்கப் பெரிய பேஸ்போல் அணிகளில் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்ற நிலையை உடைக்க புரூக்ளின் அணியின் தலைவர் பிராஞ்ச் றிக்கி தீர்மானித்தபோது, முதலில் றொபின்சனை அனுப்பியது தனது கிளை அணியான மொன்றியல் றோயல்ஸுக்கு. வெள்ளையர் பகுதியில் வீடு கேட்டுப் போன றேச்சலை வீட்டுக்காரப் பெண் தேநீர் கொடுத்து வரவேற்றார். வாடகை வீடு தேடி அலைந்த நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டில் இப்போது நினைவுப் பலகை இருக்கிறது.

இவ்வளவும் பலர் அறிந்தது. றொபின்சனோடு கூடவே வந்த செய்தியாளர்களைப் பற்றித்தான் குறைவாகப் பேசப்படுகிறது.

பிட்ஸ்பேர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவரின் வாரப் பத்திரிகையில் வெண்டெல் ஸ்மித் என்பவர் விளையாட்டு எழுதினார். இளம் வயதில் அவரே நல்ல பந்துவீச்சாளர். 1933இல் டிட்ரோயிட்டில் ஒரு போட்டியில் திறமையாக விளையாடினார். ஆள் தேடி வந்திருந்த அணி முகவர், உன்னை ஒப்பந்தம் செய்ய எனக்கு ஆசைதான், ஆனால் முடியாது என்ற மாதிரிச் சொல்லிவிட்டு வேறு பையன்களை எடுத்தார். அன்றைக்கே ஸ்மித் எழுத்தின் பக்கம் திரும்பியதாகச் சொல்வார்கள். றொபின்சனின் பெயரை றிக்கியிடம் சொன்னவர்களில் இவர் முக்கியமானவர். 1946 வசந்தகாலப் பயிற்சிக்காக அணி புளோரிடாவுக்குப் போனபோது, றொபின்சனோடு கூடவே இருக்கும்படி றிக்கி இவருக்கு வாரம் 50 டொலர் கொடுத்தார். சான்போர்ட் என்ற ஊரில் வெள்ளையர் மிரட்டல் வந்தபோது, இரவோடு இரவாக றொபின்சன் தம்பதியை டேற்றோனா பீச்சுக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். அணியின் ஹோட்டலில் றொபின்சனுக்கு அறை இல்லை. அவரைப் பற்றி எழுத வந்தவருக்கும் அறை இல்லை.

பல்ரிமோரின் அப்ரோ அமெரிக்கன் பத்திரிகையில் இருந்து வந்த சாம் லேசியின் கதையும் அப்படித்தான். பல மைதானங்களில் அவரைச் செய்தியாளர் கூடத்துக்குள் விடவில்லை. நியூ ஓர்லியன்ஸில் ஒருமுறை, கதிரையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் கூரையில் ஏறி இருந்து எழுதினார். சிறிது நேரத்தில் நியூயோர்க்கைச் சேர்ந்த வெள்ளைச் செய்தியாளர்கள் சிலரும் கூரைக்கு ஏறி வந்தார்கள். வெயில் காய வந்தோம் என்று சொல்லிக்கொண்டார்களாம். ஏன் வந்தார்கள் என்று லேசிக்குத் தெரியும்.

இதில் நான் உங்கள் கவனத்தை வேண்டுவது ஒரு விதியைப் பற்றி. செய்தியாளர் கூடத்துக்குள் போகும் அட்டையை அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் வழங்கியது. கறுப்பருக்கு இடமில்லை என்று அதன் விதியில் எங்கும் இல்லை. தினசரிப் பத்திரிகையில் எழுதுபவராக இருக்கவேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. கறுப்பினத்தவரின் பத்திரிகைகளோ பெரும்பாலும் வாரப் பத்திரிகைகள். வெள்ளையரின் தினசரிகள் கறுப்பரை வேலைக்கு எடுப்பதில்லை. கணக்கு முடிந்தது! நிறம் என்ற சொல்லே இல்லாத ஒரு விதி, ஒரு இனம் முழுவதையும் வெளியே நிறுத்தி வைத்தது. "கனடிய அனுபவம் தேவை" என்ற வாசகத்தை வேலை விளம்பரங்களில் படித்துப் பழகிய நமக்கு இந்த வித்தையை யாரும் விளக்கத் தேவையில்லை.

1948இல் லேசி அந்தச் சங்கத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அதே ஆண்டு ஸ்மித்தை சிகாகோவின் வெள்ளையர் தினசரி ஒன்று வேலைக்கு எடுத்தது. பேஸ்போல் எழுத்தாளருக்கான அதி உயர் விருது ஸ்மித்துக்கு 1993இல், அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, வழங்கப்பட்டது. லேசிக்கு 1997இல் கிடைத்தது. அந்த விருது ஜே.ஜி. ரெயிலர் ஸ்பிங்க் என்ற பத்திரிகை அதிபரின் பெயரில் இருந்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து விளையாடுவதே நல்லது என்று தன் பத்திரிகையில் வாதாடியவர் அவர். 2021இல்தான் அந்தப் பெயரை விருதிலிருந்து எடுத்தார்கள்.

மொன்றியலில் றொபின்சனைப் பற்றி எழுதியவர்களில் சாம் மோல்ரின் என்ற யூதரையும் சொல்லவேண்டும். உள்ளூர் ஹெரால்ட் பத்திரிகையில் வேலை செய்துகொண்டே பிட்ஸ்பேர்க் கூரியருக்கும் அவர் செய்தி அனுப்பினார். 1946 ஒக்ரோபர் 4ஆம் திகதி லூயிவில் அணியைத் தோற்கடித்து றோயல்ஸ் பட்டம் வென்ற அன்று, டிலோரிமியே மைதானத்தில் ரசிகர்கள் றொபின்சனைத் தோளில் தூக்கினார்கள். பின்னர் தெருவிலும் அவரைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். வெள்ளையர் கூட்டமொன்று கறுப்பு மனிதனை அடித்துக் கொல்வதற்காக அல்லாமல் அன்பினால் துரத்திய நாள் வரலாற்றில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்ற கருத்தில் மோல்ரின் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. எங்கும் அந்நியனாகப் பார்க்கப்பட்ட ஒரு சமூகத்தில் இருந்து வந்தவருக்குத்தான் அந்தக் காட்சியின் மறுபக்கம் உடனே கண்ணில் பட்டது என்று நான் நினைக்கிறேன்.

இனி பெண்களின் பக்கம் வருவோம். அது இன்னும் முன்னரே தொடங்குகிறது.

1928 அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாகத் தடகளப் போட்டிகளில் பங்குபற்றினார்கள். அங்கே 4 தர 100 மீற்றர் அஞ்சலோட்டத்தில் கனடியப் பெண்கள் 48.4 செக்கனில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார்கள். கடைசிச் சுற்றை ஓடியவர் மேர்ட்டில் குக். அடுத்த ஆண்டே அவர் மொன்றியலுக்கு வந்து மொன்றியல் ஸ்ரார் பத்திரிகையில் பெண்கள் விளையாட்டைப் பற்றிய பத்தியைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதினார். அதே அணியில் ஓடிய பொபி றோசன்பெல்ட், ரஷ்யப் பேரரசில் பிறந்து கைக்குழந்தையாகக் கனடா வந்த யூதப் பெண். மூட்டுவாதம் அவரது ஓட்டத்தை நிறுத்திய பிறகு ரொறன்ரோவில் குளோப் அண்ட் மெயில் பத்திரிகையில் சுமார் இருபது ஆண்டுகள் விளையாட்டுப் பத்தி எழுதினார்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகுதான் ஒரு பெண்ணுக்கு அந்த மேசையில் இடம் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பக்கத்து மேசை ஆண்களிடம் யாரும் பதக்கம் கேட்கவில்லை. கிடைத்த இடமும் பெண்கள் விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கே. கதவு திறந்தது, உள்ளே ஒரு வேலியும் போடப்பட்டது. ஆண்களின் ஹொக்கியை ஒரு பெண் தன் முழுநேர வேலையாக எழுதுவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காத்திருப்பு முடிந்த இடமும் மொன்றியல்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு வானொலிப் பெண் இருக்கிறார்.

1975 ஜனவரி 21. அற்வாற்றர் சந்தியில் இருக்கும் பழைய போரம் அரங்கில் தேசிய ஹொக்கி லீக்கின் நட்சத்திர வீரர் போட்டி. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை றொபின் ஹேர்மன் என்ற 23 வயதுப் பெண்ணை அனுப்பியிருந்தது. பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகம் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது அங்கே முதலில் நுழைந்தவர்களில் ஒருவர் அவர். அந்தப் பத்திரிகையின் முதல் பெண் விளையாட்டுச் செய்தியாளரும் அவரே. மொன்றியலின் சி.கே.எல்.எம் என்ற பிரெஞ்சு வானொலியில் இருந்து மார்செல் சென் சீர் வந்திருந்தார்.

போட்டி முடிந்ததும் செய்தியாளர்கள் எல்லோரும் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் போவார்கள். பெண்கள் வெளியே ஓடையில் நிற்கவேண்டும். இதை நாகரிகப் பிரச்சினை என்று அப்போது பலர் சொன்னார்கள், நம் வீடுகளிலும் சிலர் சொல்லக்கூடும். ஆனால் தொழிலின் கணக்கு வேறு. இரவுப் போட்டி முடிந்து பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு இடையில் சில நிமிடங்களே இருக்கும். களைப்பும் கோபமும் ஆறாமல் வீரர் வாயில் வரும் வார்த்தைதான் அடுத்த நாள் தலைப்பு. வெளியே நிற்பவர், வீரர் குளித்து உடை மாற்றி வரும்வரை காத்திருக்கவேண்டும், வந்தால்தான் உண்டு. அதற்குள் மற்றவர்கள் செய்தி அனுப்பி முடித்துவிடுவார்கள். வானொலிக்காரியின் நிலை இன்னும் மோசம். வீரரின் குரல் ஒலிநாடாவில் இல்லாவிட்டால் அவரிடம் ஒலிபரப்ப எதுவுமே இல்லை. "பெண்கள் இந்த வேலைக்குச் சரிவராது" என்று மேலதிகாரி சொல்வதற்குக் காரணத்தை அந்தக் கதவே செய்து கொடுத்தது.

ஹேர்மன் அதற்கு முன் பல மாதங்களாகக் கழகம் கழகமாகக் கேட்டுப் பார்த்து மறுக்கப்பட்டிருந்தார். அன்று, போட்டிக்கு முன்னர் நடந்த செய்தியாளர் சந்திப்பில், பெண் செய்தியாளரை உள்ளே விடுவீர்களா என்று யாரோ பாதி பகிடியாகக் கேட்டார்கள். விடுவோம் என்று இரண்டு பயிற்சியாளர்களும் சொல்லிவிட்டார்கள். இரவு ஹேர்மனும் சென் சீரும் உள்ளே போனார்கள். வட அமெரிக்காவில் தொழில்முறை ஆண்கள் அணியொன்றின் உடைமாற்றும் அறைக்குள் செய்தியாளராகப் பெண்கள் நுழைந்தது அதுவே முதல் தடவை. உள்ளே இருந்த கமராக்கள் எல்லாம் வீரர்களை விட்டு இவர்கள் பக்கம் திரும்பின. நான் செய்தியல்ல, போட்டிதான் செய்தி என்று ஹேர்மன் சொல்லிப் பார்த்தார். போட்டி 7க்கு 1 என்று ஒரு பக்கமாக முடிந்திருந்தது, அதைக் கேட்க யாருக்கும் ஆர்வமில்லை. தொடர்ந்து வசைக் கடிதங்கள் வந்தன. சில கழகங்கள் கதவைத் திறந்தன, சில மூடியே வைத்தன.

ஹேர்மன் 2022இல் காலமானபோது பெரிய பத்திரிகைகள் அந்த மொன்றியல் இரவை நினைவுகூர்ந்தன. சென் சீரின் பெயர் அந்தக் கட்டுரைகளில் ஒரு வரியோடு நின்றுவிட்டது. பெரிய நகரத்து ஆங்கிலத் தினசரிக்கு வரலாற்றில் ஒரு பக்கம், உள்ளூர் பிரெஞ்சு வானொலிக்கு ஒரு வரி. சின்ன வானொலி நடத்தும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கவேண்டும்.

இந்தக் கதவை முழுதாகத் திறக்க நீதிமன்றமும் தேவைப்பட்டது. 1977 உலகத் தொடர் பேஸ்போல் போட்டியில் ஸ்போர்ட்ஸ் இலஸ்ரேற்றட் சஞ்சிகையின் மெலிசா லட்கேயை உடைமாற்றும் அறைகளுக்குள் போகக்கூடாது என்று லீக் ஆணையாளரின் அலுவலகம் தடுத்தது. சஞ்சிகை வழக்குப் போட்டது. யாங்கி மைதானம் நியூயோர்க் மாநகர சபைக்குச் சொந்தமானது, ஆகவே அங்கே நடக்கும் பாகுபாட்டுக்கு அரசியலமைப்பு பொருந்தும் என்பது வாதம். 1978 செப்ரெம்பரில் லட்கேக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வழங்கியவர் கொன்ஸ்ரன்ஸ் பேக்கர் மொற்லி, அமெரிக்கக் கூட்டரசு நீதிபதியாக நியமிக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். கறுப்பின மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகக் கதவுகளை வழக்காடித் திறந்தவர் அவர். மூடிய கதவு எப்படி இருக்கும் என்று அவருக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டி இருக்கவில்லை.

கனடாவில் வேலைக்கு எடுப்பது பற்றிய சட்டம் வேறு வழியில் வந்தது. 1984இல் நீதிபதி றோசலி அபெல்லா தலைமையிலான ஆணைக்குழு, பெண்கள், பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் ஆகிய நான்கு பிரிவினரும் வேலைவாய்ப்பில் ஒதுக்கப்படுவதை எடுத்துச் சொன்னது. அபெல்லா யார் தெரியுமா? 1946இல் ஜேர்மனியில், இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவர். 1950இல் குடும்பத்தோடு கனடா வந்தார். அவருடைய தகப்பன் சட்டத்தரணி, ஆனால் குடியுரிமை இல்லை என்பதால் இங்கே தொழில் செய்ய விடவில்லை. ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்துவிட்டு இங்கே உணவகக் குசினிகளில் கோப்பை கழுவிய நம் தகப்பன்மாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து 1986இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. நம்மவர் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இருந்து மீட்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

ஆனால் சட்டத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது. கூட்டரசின் கட்டுப்பாட்டில் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு, அதாவது வங்கி, விமானசேவை, வானொலி, தொலைக்காட்சி போன்றவற்றுக்கு, அது பொருந்தும். பத்திரிகைகள் மாகாணத்தின் கீழ் வருவதால் அவற்றுக்குப் பொருந்தாது. தொலைக்காட்சியிலும் கணக்குக் காட்டுவது நிறுவனம் முழுவதுக்குமாக, தொழில் வகை வகையாகத்தான். விளையாட்டுப் பிரிவில் எத்தனை பேர் என்று தனியே யாரும் கேட்பதில்லை. கணக்குப் பிரிவில் நாலு பேரைச் சேர்த்தாலும் எண்ணிக்கை உயர்ந்துவிடும்.

உண்மையில் ஆள் எடுப்பது வேறு விதமாக நடக்கிறது. சனி இரவு வந்து சின்ன அணிகளின் புள்ளிகளைத் தட்டச்சு செய்யும் பகுதிநேர வேலை, சம்பளமில்லாத பயிற்சி, புறநகர் அரங்குகளுக்குப் போய்வரக் கார், யாரோ தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தை. இந்த நான்கும் உள்ள பிள்ளைக்கு ஐந்து வருடத்தில் மேசை கிடைக்கும். நம் வீடுகளில் சனி இரவு பிள்ளை வேலைக்குப் போனால் சம்பளத்தோடு வரவேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, வீட்டில் மூன்று மொழியும் விளையாட்டுப் புள்ளிவிபரமும் விரல்நுனியில் வைத்திருப்பவள், பயிற்சிக்குப் போன இடத்தில் ஹொக்கி கேட்டாள். அவளுக்குக் கொடுத்தது கோயில் தேர்த் திருவிழாவும் சாப்பாட்டுக்கடையும். மேர்ட்டில் குக்குக்குப் போட்ட வேலிதான், துணி மட்டும் வேறு. இன்னொரு தடை நம் பக்கம். "விளையாட்டுக்குப் பின்னால் திரிஞ்சு என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறோம். பெண் பிள்ளை என்றால் இரவு நேரம், ஆண்கள் கூட்டம், ஊர்ப்பேச்சு. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன், பயந்தே உயிர் தப்பி வந்தவர்கள் நாம். ஆனால் பிள்ளை மருத்துவத் தாதியாக இரவு வேலைக்குப் போகும்போது அந்தப் பயத்தை நாம் எப்படியோ சமாளிக்கிறோம்.

கியூபெக்கின் 1977 மொழிச் சட்டத்தால் நம் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குப் போனார்கள். அப்போது பலர் மனம் நொந்தோம். ஆனால் இந்த நகரத்தில் ஒரு போட்டிக்குப் பிறகு பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கேள்வி கேட்கக்கூடிய செய்தியாளருக்கு மதிப்பு உண்டு. 1989 செப்ரெம்பரில் ஆர்.டி.எஸ் விளையாட்டுத் தொலைக்காட்சி தொடங்கிய நாளிலேயே திரையில் தோன்றிய சொன்ரால் மசாபே, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே வேலை செய்துவிட்டு 2022இல் கனேடியன்ஸ் அணியின் ஊடகப் பிரிவுத் துணைத் தலைவரானார். போரம் அரங்கின் ஓடையில் பெண்கள் நின்ற காலத்துக்கும் அதற்கும் இடையில் ஐம்பது ஆண்டுகூட இல்லை. நிறத்தின் கணக்கு மெதுவாகவே நகர்ந்தது. ரி.எஸ்.என் தொலைக்காட்சியின் முதன்மையான விளையாட்டுச் செய்தி நிகழ்ச்சியை ஒரு கறுப்பினப் பெண், கெய்லா கிரே, தொகுத்து வழங்கியது 2018இல்தான்.

கடைசியாக நம் அயலவர் ஒருவரின் கதை. அல்பேட்டாவில் பிறந்த சீக்கியர் ஹர்நாராயண் சிங், சின்ன வயதிலேயே விளையாட்டாக ஹொக்கி வர்ணனை செய்தவர். 2008இல் சி.பி.சி ஹொக்கிப் போட்டிகளைப் பஞ்சாபியில் ஒலிபரப்பத் தொடங்கியபோது அந்த வாய்ப்பு அவருக்கு வந்தது. கல்கரியில் வாரநாள் வேலை, வார இறுதியில் ரொறன்ரோவில் வர்ணனை. விமானச் சீட்டுக்கு நிலையம் பணம் தரவில்லை. தன் காசில் பறந்து போய், விமான நிலையத்தில் படுத்தெழும்பி வேலை செய்தார். பஞ்சாபித் தாத்தா பாட்டிமார் பேரப்பிள்ளைகளோடு இருந்து ஹொக்கி பார்க்கத் தொடங்கினார்கள். 2016 மே மாதம் ஸ்ரான்லி கிண்ண இறுதித் தொடரில் நிக் பொனினோ அடித்த கோலுக்கு அவர் அந்தப் பெயரையே திரும்பத் திரும்ப நீட்டி முழங்கியது வட அமெரிக்கா முழுவதும் பரவியது. அதே ஆண்டு நவம்பரில் ஆங்கில ஹொக்கி ஒலிபரப்பில் அவருக்கு இடம் கிடைத்தது. அதுவரை எட்டு ஆண்டுகளாக அவர் தாய்மொழி ஒலிபரப்பில்தான் தொழில் பழகினார். வெண்டெல் ஸ்மித்தும் ஒரு தினசரி தன்னை எடுக்கும்வரை தன் மக்களின் வாரப் பத்திரிகையில்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

நம் வானொலியில் சனிக்கிழமை விளையாட்டுத் தொகுப்பு பதினைந்து நிமிடம். பல வருடங்களாக அதை வாசிப்பவர்கள் என் வயதொத்த ஆண்கள், அதுவும் துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் மட்டும். வரும் மாதம் முதல் அதில் ஐந்து நிமிடத்தை ஹொக்கிக்கும் பெண்கள் போட்டிகளுக்கும் ஒதுக்க நிலையக் குழு சம்மதித்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் நிலையத்தின் பெயரில் செய்தியாளர் அட்டை ஒன்றும் தருவோம், போக்குவரத்துச் செலவும் தருவோம். பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, வியாழன் மாலைகளில் நிலையத்துக்கு வரலாம். பெற்றோரும் கூட வரலாம், தேநீர் உண்டு.